தாயிடம் திருப்பிக் கொடுத்தவர்

கடந்த தவக்காலத்தின் ஒரு மாலையில், செங்கற்பட்டில் நாங்கள் கூடும் அன்பியத்தில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் மடு அன்னையின் திருவிழாவுக்குத் திருப்பயணம் செல்வது. விழா முடிந்ததும், போரினால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் வாழும் வன்னிப் பகுதி இல்லம் ஒன்றில் மூன்று நாள் தங்கித் தொண்டாற்றுவது. பிள்ளைகளுக்குப் புத்தாடையும் புத்தகப்பையும் இனிப்பும் வழங்குவது. நம் இளைஞர்கள் அவர்களுக்கு ஆங்கிலமும் பாட்டும் கற்பிப்பது. கேட்டவர் எல்லாருடைய மனமும் நெகிழ்ந்தது. பணம் திரட்டும் பொறுப்பை நானே முன்வந்து ஏற்றேன்.

அப்போது பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பேசினார். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்தவர் அவர். “பிள்ளையளைப் பார்க்கப் போறியள், நல்லது. அந்தப் பிள்ளையளின்ரை தாய்மாரை எங்கை பார்ப்பியள்?”

எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “தாய் இருந்தால் அது எப்படி அநாதை இல்லம் ஆகும், அம்மா?” என்றார்.

“அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன்” என்று சொல்லிவிட்டு அவர் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்து வந்த வாரங்களில் நான் படித்ததும் விசாரித்ததும் என்னை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்தின. அதை இங்கே மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: போரில் நொந்த பிள்ளைகளுக்கு நாம் செய்வதாக நினைக்கும் தொண்டில் பெரும்பகுதி, பிள்ளையை அதன் தாயிடமிருந்தும் உறவிடமிருந்தும் பிரித்து வைப்பதற்கே துணைபோகிறது. இது பலருக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது.

விவிலியம் அநாதையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். எபிரேய மொழியில் ‘அநாதை’ எனப் பொருள்படும் சொல், பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளையையே குறிக்கும். ஆகவேதான் திருநூலில் அநாதை தனியே வருவது அரிது; கைம்பெண்ணோடு சேர்ந்தே வருகிறது. ஒரே வீட்டின் இரு பெயர்கள் அவை. யாக்கோபு தம் திருமுகத்தில் தூய சமயப்பற்று எது என்று கூற வரும்போதும் இருவரையும் ஒருங்கே வைத்தே பேசுகிறார். நாமோ அந்த வசனத்தைப் பாதியாக வெட்டி, அநாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, கைம்பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

இணைச்சட்ட நூலில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. அறுவடையின்போது வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. இதில் இரண்டு செய்திகள் உள்ளன. கைம்பெண் தன் கையாலேயே அதைச் சேர்த்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். கொடுத்தவனோ அந்த வேளையில் அங்கே இல்லை. நன்றி சொல்லவும் படம் எடுக்கவும் அவன் முன் யாரும் வரிசையில் நிற்பதில்லை.

மோசேயின் கதையைப் பாருங்கள். நாணல் பேழையில் குழந்தையைக் கண்ட பார்வோனின் மகள் அதை வளர்க்க ஒரு பெண்ணை அமர்த்தி, அவளுக்குக் கூலியும் கொடுத்தாள். அந்தப் பெண் குழந்தையைப் பெற்ற தாயே. அறிந்தோ அறியாமலோ அரசமகள் செய்த உதவி தாயின் கைக்கே போய்ச் சேர்ந்தது. நயீன் ஊர் வாயிலில் ஆண்டவர் இயேசு இறந்த இளைஞனை எழுப்பினார். அவனைத் தம் சீடனாக உடன் அழைத்துச் சென்றிருக்கலாம். ஆயினும் அவர் செய்தது, அவனை அவன் தாயிடம் ஒப்படைத்ததே. அந்தத் தாயும் ஒரு கைம்பெண் என்பதை லூக்கா குறிக்கத் தவறவில்லை.

இனி நம் நடைமுறைக்கு வருவோம். பிறந்தநாள் என்றால் ஓர் இல்லத்தில் மதிய உணவு. முதல் நன்மை என்றால் இனிப்பு. பெற்றோரின் நினைவுநாள் என்றால் பிரியாணி. உணவுக்கு முன் பிள்ளைகள் கைகூப்பி நமக்காகச் செபிக்க வேண்டும். பாட்டுப் பாட வேண்டும். படத்துக்கு நிற்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை ஒரு வாய்ச் சோற்றுக்கு முன் அந்நியர் ஐம்பது பேருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமென்றால் நாம் சம்மதிப்போமா? அங்கே நிற்கும் பிள்ளைக்கு ஊரில் ஒரு தாய் இருக்கக்கூடும். சம்மதமா என்று அவளை யாரும் கேட்டதில்லை.

‘இருக்கக்கூடும்’ என்று நான் ஊகமாகச் சொல்லவில்லை. சேவ் த சில்ட்ரன் அமைப்பு இலங்கையில் மேற்கொண்டு 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 92 விழுக்காட்டினருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் இருந்தனர். 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வறுமையின் காரணமாகவே அங்கே சேர்க்கப்பட்டிருந்தனர். உலக அளவிலும் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவர் இருக்கிறார் என்று அதே அமைப்பு 2009இல் எழுதியது. அப்படியானால் அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது எது? பல வீடுகளில் அரிசியின் விலையும் பள்ளிக் கட்டணமுமே பிரித்தன. அந்த அரிசியை நாம் தாயின் வீட்டுக்கு அனுப்பவில்லை, இல்லத்துக்கு அனுப்பினோம். பிள்ளையும் அரிசி இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கம்போடியா இதற்கு ஒரு கடும் எச்சரிக்கை. போர் ஓய்ந்து நெடுங்காலமான பின், அநாதைகள் குறைய வேண்டிய காலத்தில், அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 2005க்கும் 2010க்கும் இடையே 75 விழுக்காடு உயர்ந்தது என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியது. காரணங்களுள் ஒன்று, பிள்ளைகளைக் காணவும் தொண்டாற்றவும் நன்கொடை தரவும் வந்த வெளிநாட்டுப் பயணிகளின் நல்லெண்ணம். வருகையாளர் கூடக்கூட அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகும் தொண்டர் ஒவ்வொருவரும், பிள்ளைக்கு இன்னொரு பிரிவைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டாரை நாம் இதற்காகக் குறைகூறுவது எளிது. வன்னிக்கு நாம் போகத் திட்டமிட்ட மூன்று நாள் வேறு என்ன?

நம் கடற்கரை கற்பித்த பாடத்தையும் நாம் மறந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வாண்டு திருக்குடும்பப் பெருவிழா அந்த நாளில்தான் வந்தது. அன்றைய வழிபாட்டு நூலில் குறித்திருந்த நற்செய்தி, யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி. கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வழியாகத் தெற்கே நாகை வரையும் அதற்கப்பாலும் கடல் குடும்பங்களைப் பிரித்த காலை அது. பின்னர் லாரி லாரியாகப் பழந்துணி வந்தது; கடலோரச் சாலைகளில் யாரும் தீண்டாமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெற்றோரை இழந்த பல பிள்ளைகளையோ பெரியம்மாவும் சித்தியும் பாட்டியும் தாய்மாமனும் எந்த அறிவிப்புமின்றித் தம் பாயில் படுக்க வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மாலை போடவோ மேடை அமைக்கவோ நமக்குத் தோன்றவில்லை. சுனாமியின் முதன்மையான தொண்டர்கள் அவர்கள்தாம் என்பேன்.

ஈழத்துக்கு வருகிறேன். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின், 2010இல் இலங்கையின் மகளிர், சிறுவர் துறைத் துணையமைச்சர் ஒரு கணக்கைச் சொன்னார்: வடக்கில் சுமார் 40,000, கிழக்கில் சுமார் 49,000 கைம்பெண்கள். இவர்களின் பிள்ளைகளே நாம் ‘அநாதைகள்’ என்று அழைப்பவர்களில் பலர். இவர்களுக்கு அப்பால் இன்னொரு கூட்டம் உண்டு: தந்தை இறந்தாரா, உயிருடன் இருக்கிறாரா என்று அறியாத பிள்ளைகள். மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் நின்று, வன்னி மக்கள்தொகைப் பதிவுகளை ஒப்பிட்டு, 1,46,679 பேரின் கதி என்ன என்று கேட்டார். 2021இல் அவர் இறைவனடி சேர்ந்தார். கேள்விக்கு விடை வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார் கேட்டது தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் பற்றிய உண்மையை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு நம் புத்தகப்பை எதை ஈடு செய்யும்?

தொண்டு என்றால் என்ன என்று அறிய நாம் வெளியே தேட வேண்டியதில்லை. உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகள் கடைசிவரை மக்களோடு முள்ளிவாய்க்காலில் இருந்து, 2009 மே 18 அன்று வெளியேறும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வன்னி காரித்தாஸ் இயக்குநர் வசந்தசீலன் அடிகள் அதற்கு முந்தைய மாதம் எறிகணை வீச்சில் காலை இழந்தார். முதியவரான பிரான்சிஸ் யோசேப்பு அடிகள், சரணடைந்தவர்களுடன் மே 18 அன்று சென்றவர், திரும்பவே இல்லை. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் 2006 ஆகஸ்டு 20 முதல் காணாமற்போனவர். இவர்கள் திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டை வைத்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். போர் முடிந்த ஆண்டின் இறுதியில் வவுனியாவில் யுனிசெஃப் துணையோடு தொடங்கிய குடும்பத் தேடல் பிரிவின் பணியையும் இங்கே நினைக்க வேண்டும். பிள்ளையைத் தேடும் தாயின் மனுவை வாங்குவது, இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் உள்ள பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடுவது: இதுவே அங்கிருந்தோர் வேலை. கோப்பும் பேனாவும் கொண்டு செய்யும் இவ்வேலையில் கண்ணீர் மல்கும் காட்சி எதுவும் இல்லை. ஆனால் நயீனில் நடந்ததற்கு மிக நெருங்கிய வேலை அதுதான்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். “இல்லங்களையெல்லாம் மூடிவிடச் சொல்கிறீர்களா? அருட்சகோதரிகளின் தியாகம் வீணா?” இல்லை. உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே ஆபத்துக்குள்ளான பிள்ளைகள் உண்டு. எறிகணைகளுக்கு நடுவே பிள்ளைகளை விட்டு நீங்காத சகோதரிகளின் முன் நான் தலைவணங்குகிறேன். நான் கேட்பது அவர்களை அன்று. பணம் அனுப்பும் நம்மை. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப நன்கொடை தரும் நாம், இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்று அவர்களிடம் ஒருமுறையேனும் கேட்டோமா? வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைக்காக எந்த இல்லத்துக்காவது பாராட்டு மடல் எழுதினோமா?

“தாயிடம் பணம் கொடுத்தால் அது குடிகார மாமனிடம் போய்விடும்” என்பது இரண்டாவது மறுப்பு. சில வீடுகளில் அப்படி நடக்கும். நம் வீடுகளிலும் நடக்கிறது. அதற்காக நம் பிள்ளைகளை யாரும் பிரித்துக் கொண்டுபோவதில்லை. ஏழைத்தாயை மட்டும் நம்ப மறுப்பது எச்சரிக்கையாகத் தோன்றலாம். அடியில் இருப்பது அவமதிப்பு. கண்காணிப்பு வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் அமர்ந்து பேசுங்கள். அதுவும் தொண்டுதான்.

அரசும் சட்டமும்கூட இதில் நம்மை முந்திவிட்டன என்பதே என் வெட்கம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், வறுமையிலுள்ள கைம்பெண்ணின் பிள்ளைக்கும் உறவினர் வீட்டில் வளரும் அநாதைக்கும் மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. ‘அநாதைகளையும் கைம்பெண்களையும்’ என்று திருநூல் சேர்த்தே சொன்னதை அரசாணை புரிந்துகொண்டிருக்கிறது. ஞாயிறுதோறும் அதை வாசிக்கக் கேட்கும் நாமோ இன்னும் மதிய விருந்திலேயே நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போரால் நொந்த பிள்ளைகளைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதே இல்லை. ஈழத்தமிழர் வாழும் முகாம்கள் தமிழகத்தில் நூற்றுக்கு மேல் உள்ளன. 2021இல் அரசு அவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரிக்குச் சற்று முன்பாக, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்புத்துப்பட்டில் அத்தகைய முகாம் ஒன்று இருக்கிறது. நம் செங்கற்பட்டிலேயே ஈழத்தமிழரை அடைத்து வைத்த ‘சிறப்பு முகாம்’ ஒன்று பல்லாண்டுகள் இயங்கியது. அதன் மதிலைக் கடந்துதான் நம்மில் பலர் திருப்பலிக்குப் போனோம். 1991க்குப் பிறகு சில ஆண்டுகள் முகாம் பிள்ளைகளின் கல்வி தடைப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போகவும் முடியாதிருந்தது. அன்று நம் பங்குகளிலிருந்து எத்தனை குரல் எழுந்தது? இந்த மண்ணிலேயே பிறந்த முகாம் பிள்ளைகள் பலர் இன்றும் எந்த நாட்டுக் குடிமகனும் அல்லர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த முகாம்களில் நாம் ஏன் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை? அங்குள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று அஞ்சுகிறேன். பத்துக்குப் பத்தடி அறையில் வாழ்ந்தாலும், தாய் தந்தையோடு வாழும் பிள்ளை நம் கருணைக்குத் தகுதி பெறுவதில்லை. தகுதி பெற அது முதலில் தன் குடும்பத்தை இழந்தாக வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையை நாம் எந்தத் தீர்மானத்திலும் எழுதவில்லை. ஆனால் நம் பணம் அதைத்தான் சொல்கிறது.

வேறு வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. அகதிகளே தங்களுக்காக 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கி முகாம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இயேசு சபையினரின் அகதிகள் பணிக்குழுவும் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. மாலை வகுப்பு முடிந்தால் பிள்ளை தன் வீட்டுக்குப் போய்த் தன் தாயின் கையால் சாப்பிடும். இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். இல்லம் ஒன்றுக்கு உதவுகிறீர்களா? அங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உண்டு என்று கேளுங்கள். அவர்கள் வந்து போவதற்கும், விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போவதற்கும், முடிந்தால் அங்கேயே தங்கிவிடுவதற்கும் பணம் கொடுங்கள். ஒருநாள் விருந்தின் செலவை மாதங்களாகப் பிரித்து ஒரு தாயின் கையில் சேர வழி செய்யுங்கள். உங்கள் இளைஞர்கள் தொண்டாற்றத் துடிக்கிறார்களா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் திரும்பும் கைம்பெண்ணோடு கூடப் போகச் சொல்லுங்கள். உரிய அனுமதியோடு முகாம் ஒன்றில் ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு மாலை கணிதம் கற்பிக்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் முடியாதென்றால், தொடங்காமல் இருப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை. மடுவுக்குப் போங்கள், 1999இல் எறிகணைகள் வீழ்ந்த அந்தத் திருத்தலத்தில் முழந்தாளிட்டுச் செபியுங்கள். ஆனால் அங்குள்ள பிள்ளைகளை உங்கள் திருப்பயணத்தின் ஒரு நிகழ்ச்சியாக்காதீர்கள்.

எங்கள் அன்பியத்தில் என்ன நடந்தது என்றும் கூறிவிடுகிறேன். திருப்பயணத்தை நாங்கள் கைவிடவில்லை. மூன்று நாள் தொண்டு மட்டும் நீங்கியது. அந்த இல்லத்தின் தலைமைச் சகோதரிக்கு, மூதாட்டி கேட்ட கேள்வியையே கடிதமாக எழுதினோம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் உண்டு என்றும், பலர் தொலைவில் கூலி வேலை செய்வதால் வந்து பார்க்க இயலவில்லை என்றும், பேருந்துக் கட்டணத்துக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் ஏதேனும் செய்ய முடியுமா என்றும் அவர் பதில் எழுதினார். திரட்டிய பணத்தில் அதற்கே முதலிடம் என்று முடிவாயிற்று. புத்தகப்பை கொடுத்தால் பிள்ளைகள் மகிழுமே, அதை ஏன் தடுத்தீர்கள் என்று சிலர் இன்னும் என்னோடு வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தாய் வரும்போது அவள் கையால் கொடுக்கட்டும் என்பதே என் பதில்.